28 நாளுக்கு ஒரு ஊசி

வெளிநாட்டுல படிச்சுட்டு ஆஸ்திரேலியா வர்ற டாக்டருக்கு 10 வருஷ ரூல்னு ஒன்னு இருக்கு, டாக்டர் பத்தாத ஏரியாவுல வேலை பார்த்தாதான் மெடிகேர்ல, அதாவது அரசாங்க ஹெல்த் இன்சூரன்ஸ்ல, பில் போட விடுவாங்க, எங்கள்ல நெறைய பேர் இந்தப் பக்கம் வர்றதே அதனாலதான், சேவை அது இதுன்னு சொல்லிக்கிறதெல்லாம் அப்புறம். நானும் அந்த லிஸ்ட்தான்.

நான் இருக்குறது அபாரிஜினல் கம்யூனிட்டி, ஆஸ்திரேலியாவோட பூர்வகுடி ஜனங்க ஊர், நாட்டுக்கு நட்டநடுவுல இருக்குற ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் டவுன்ல இருந்து செம்மண் ரோட்டுல மணிக்கணக்கா போகணும். ஃபிளையிங் டாக்டர், அதாவது பிளேன்ல வந்து வைத்தியம் பார்க்குற டாக்டருங்க பத்தி எல்லாரும் கேக்குறாங்க, 1928ல குயின்ஸ்லாந்துல க்ளான்கரில ஆரம்பிச்ச சர்வீஸ் அது, ராத்திரி சீரியஸ் கேஸ்னா இன்னைக்கும் பிளேன் வந்தாதான் உண்டு. ஆனா அதெல்லாம் எப்பவாவதுதான். தினசரி வேலைன்னா எனக்கு முதல்ல ஞாபகம் வர்றது பென்சிலின் ஊசிதான்.

அந்த ஊசி ருமாட்டிக் ஃபீவருக்கு. தொண்டையிலயோ தோல் புண்ணுலயோ ஸ்ட்ரெப் கிருமி வந்து, அதை எதிர்க்கப் போன உடம்பே கடைசியில இதய வால்வை கெடுத்து வைக்கும். சிட்னியில இருக்குற டாக்டர் அனேகமா புக்குலதான் பார்த்திருப்பார், இங்க ஸ்கூல் பசங்களுக்கு வருது. ஒரு தடவ வந்துட்டா 28 நாளுக்கு ஒரு பென்சதைன் பென்சிலின் ஊசி, குறைஞ்சது அஞ்சு வருஷம் இல்ல 21 வயசு வரைக்கும், இதுல எது லேட்டோ அதுவரைக்கும். மருந்து பால் மாதிரி வெள்ளையா கெட்டியா இருக்கும், ஃபிரிட்ஜ்ல இருந்து எடுத்து கையில வச்சு சூடாக்கி மெதுவா ஏத்தணும், அப்பவும் பயங்கரமா வலிக்கும். பத்து வயசு பொண்ணு க்ளினிக் வண்டியைப் பார்த்ததும் ஓடுறான்னா அவளைத் திட்டி என்ன பண்றது.

அவளைக் கண்டுபிடிக்கிறது நான் இல்ல, எங்க ஹெல்த் ஒர்க்கர் அக்கா. அந்த ஊர்க்காரங்க. பொண்ணு பாட்டி கூட பக்கத்து கம்யூனிட்டிக்குப் போயிருக்கா, ஃபுட்டி (ஆஸ்திரேலியன் ஃபுட்பால்) மேட்ச் முடிஞ்சுதான் வருவாங்கன்னு கம்ப்யூட்டர்ல இல்லாததெல்லாம் அவங்களுக்குத் தெரியும். யார் யாருக்கு என்ன முறைன்னும் தெரியும். இங்க மாமியாரும் மருமகனும் ஒரே ரூம்ல உக்கார மாட்டாங்க, அவங்க உள்ள இருந்தா இவன் வாசலோட திரும்பிப் போயிடுவான், அதை நாம "மருந்துக்கு வரல"ன்னு எழுதி வைப்போம். ஊர்ல சாவு விழுந்தா அன்னைக்கு போட்ட அப்பாயின்ட்மென்ட் எதுவும் நடக்காது, செத்தவங்க பேரையும் சொல்லக் கூடாது. இதெல்லாம் எனக்கு சொல்லித் தந்தது அவங்கதான், சம்பளம் மட்டும் எனக்கு அதிகம், அது என்ன நியாயமோ.

இன்னொன்னு, கேள்வி கேட்டுட்டு வாயை மூடிக்கிட்டு இருக்கணும். பதில் வரும், கொஞ்ச நேரம் ஆகும். அதுக்குள்ள அடுத்த கேள்விக்குப் போனா எல்லாத்துக்கும் "ஆமா"ன்னு தலையாட்டிட்டு போயிடுவாங்க.

ஊசியால மட்டும் பிரச்சனை தீராது. ஒரே வீட்ல அத்தனை பேர், ஒரே பாத்ரூம், வாஷிங் மெஷின் ரிப்பேர், ரிப்பேர் பார்க்க ஆள் எப்ப வருவான்னு யாருக்கும் தெரியாது. சொறி வந்து, அது புண்ணாகி, அதுல ஸ்ட்ரெப் ஏறி... பிளம்பர் ஒழுங்கா வந்தா எனக்கு பாதி வேலை குறையும், சத்தியமா சொல்றேன்.

கிட்னி கதையும் கிட்டத்தட்ட இதான். டயாலிசிஸ் வேணும்னா ஊரை விட்டு ஆலிஸ் ஸ்பிரிங்ஸ்ல போய் கிடக்கணும், சொந்த மண்ணை விட்டுப் போக மனசில்லாம வேணாம்னு சொன்னவங்களும் உண்டு. கின்டோர்னு ஒரு ஊர், ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு மேற்கே 500 கிலோமீட்டருக்கு மேல, அந்தப் பக்கத்து பின்டுபிங்கிற அபாரிஜினல் ஜனங்க தாங்களே பெயின்டிங் வரைஞ்சு 2000ல சிட்னியில ஏலம் விட்டு பத்து லட்சம் டாலருக்கு மேல சேர்த்தாங்க, 2004ல அவங்க ஊர்லயே டயாலிசிஸ் ஓட ஆரம்பிச்சுது. இன்னைக்கு அது பர்ப்பிள் ஹவுஸ்ங்கிற பேர்ல பல ஊர்ல நடக்குது. "இவங்களுக்கு உடம்பு மேல அக்கறையே இல்ல"ன்னு புதுசா வர்ற டாக்டர் யாராவது சொல்லும்போதெல்லாம் நான் இந்தக் கதையைத்தான் எடுத்து விடுவேன், அதுக்கப்புறம் அவங்க அந்தப் பேச்சை எடுக்குறதில்ல.