சின்ன போட்டுக்கு ஒரு கைச்செட்: தேடி வாங்கின அனுபவம்

எங்களுடையது 23 அடி பைபர் போட். சீசனில் திருகோணமலை உப்புவெளிக் கரையிலிருந்து திமிங்கலம் பார்க்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு போவோம், சில நாள் புறாமலைத் தீவுக்கு. போட்டில் 25 வாட் விஎச்எஃப் செட், அதாவது கடலில் கதைக்கிற ரேடியோ, ஒன்று பொருத்தித்தான் இருக்கிறது. அது இருக்கும்போது கையில் பிடிக்கிற இன்னொரு செட் எதற்கு என்று வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். மாமா நேராகவே சொன்னார், "போன் இருக்கேக்க இது என்னத்துக்குத் தம்பி, வீண் செலவு."

நான் யோசித்தது இப்படி. பொருத்தின செட், எஞ்சினின் ஸ்டார்ட்டர், ஜிபிஎஸ் எல்லாமே ஒரே பற்றரியில் ஓடுகின்றன. உப்புக்காற்றில் ஒரு வயர் முனை பச்சை பூத்துக் கழன்றாலே போதும், எஞ்சினும் நிற்கும், செட்டும் அதே நிமிடம் செத்துவிடும். போட் கவிழ்ந்தால் சொல்லவே வேண்டாம், அன்டனா முதலில் தண்ணீருக்குள் போகும். அதாவது உதவி கேட்கவேண்டி வருகிற அந்த நேரத்தில்தான் அந்தச் செட் கைவிடும்.

அதோடு நம்முடைய கடலின் குணமும் இருக்கிறது. திமிங்கல சீசனும் கச்சான் காற்றும் பெரும்பாலும் ஒன்றாகவே வருகின்றன. கச்சான் தரையிலிருந்து கடலுக்கு அடிக்கிற காற்று. கரைப்பக்கம் கடல் குளம்போலக் கிடக்கும், ஆனால் எஞ்சின் நின்ற போட்டைக் காற்று மெல்ல மெல்ல வங்காள விரிகுடாவுக்குள் தள்ளிக்கொண்டே போகும். நங்கூரம் போட்டு நிற்கலாமே என்றால், திருகோணமலைக்கு வெளியே கடலடியில் பெரிய பள்ளத்தாக்கு ஒன்று ஓடுகிறது, திமிங்கலங்கள் கரைக்கு இவ்வளவு கிட்ட வருவதே அந்த ஆழத்தால்தான். அங்கே எங்கள் கயிறு அடியைத் தொடாது. போனோ, கரையை விட்டுப் போகப் போக சிக்னல் ஒவ்வொரு கோடாகக் குறைந்து ஒரு கட்டத்தில் இல்லாமலே போய்விடும். சிக்னல் இருந்தாலும் போன் ஒரு ஆளுக்குத்தான் போகும், செட்டில் ஆபத்து அழைப்புக்கான 16ஆம் சனலில் கூப்பிட்டால் எட்டுகிற தூரத்தில் கேட்டுக்கொண்டிருக்கிற எல்லாப் படகும் கப்பலும் கேட்கும். மாமாவிடம் இதைச் சொன்னதும் அதற்குப் பிறகு அவர் விலையைப் பற்றி மட்டும்தான் கேட்டார்.

சரி, தேடத் தொடங்கினேன். கொழும்பில் ஒரு கடையில் முதலில் எடுத்து நீட்டியது மலிவான சீன வோக்கி டோக்கி. அதில் கடல் சனல்களின் அலைவரிசையை அடித்துப் போடலாம், 156.8 மெகாஹெர்ட்ஸ், அதுதான் 16ஆம் சனல், கதைக்கவும் முடியும் என்று செய்தே காட்டினார்கள். அது உண்மைதான். ஆனால் அது கடலுக்கென்று செய்த சாமான் இல்லை. தண்ணீர் பட்டால் போச்சு, விழுந்தால் கல்லுப்போல மூழ்கும். பயந்துபோன ஒரு ஆள் ஈரக்கையோடு ஒரே பொத்தானில் 16ஐப் பிடிக்க அதில் வழி கிடையாது, கடல் பாவனைக்கான அங்கீகாரமும் இல்லை. நாலு பேருடைய உயிரை நம்பி வைக்கிற இடத்தில் அதை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

அடுத்தது வாட். கடையிலும் கரையிலும் எல்லோரும் 5 வாட்டா 6 வாட்டா என்றுதான் கேட்கிறார்கள். இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் பணம் வீணாவது இங்கேதான். விஎச்எஃப் அலை அடிவானத்தைத் தாண்டி அதிகம் வளையாது, எவ்வளவு தூரம் போகும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அன்டனாவின் உயரம். மீட்டரில் உயரத்தை எடுத்து அதன் வர்க்கமூலத்தை 4.1ஆல் பெருக்கினால் ஏறக்குறைய எத்தனை கிலோமீட்டர் என்று வரும். போட்டில் இருந்தபடி பிடித்தால் ஒரு மீட்டர், நாலு கிலோமீட்டர். எழுந்து நின்று தலைக்கு மேலே தூக்கினால் இரண்டு மீட்டர், கிட்டத்தட்ட ஆறு. மற்றப்பக்கம் கேட்கிறவருடைய உயரத்துக்கும் இதேபோலக் கணக்குப் பார்த்துக் கூட்டவேண்டும். ஆகவே கையில் செட்டோடு நிற்கிற இரண்டு பேர் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது, கேட்கிற அன்டனா 100 மீட்டர் உயரத்தில் இருந்தால் அதே கைச்செட் நாற்பது கிலோமீட்டரைத் தாண்டும். 5க்கும் 6க்கும் உள்ள ஒரு வாட் வித்தியாசம் இந்தக் கணக்கில் எங்கேயும் வரவில்லை பாருங்கள்.

அதனால் வாட்டை விட்டுவிட்டு வேறு விஷயங்களைப் பார்த்தேன். மிதக்கவேண்டும், இது கட்டாயம். ஐபிஎக்ஸ்7 என்று போட்டிருந்தால் ஒரு மீட்டர் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும் என்று பொருள், மிதக்கும் என்று பொருள் இல்லை, இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். ஐகொம் எம்25, எம்37, ஸ்டாண்டர்ட் ஹொரைசன் எச்எக்ஸ்210 எல்லாம் மிதக்கிறவை. சிலது தண்ணீரில் விழுந்ததும் தானாக விளக்கு மினுங்கத் தொடங்கும், இருட்டில் அது பெரிய உதவி. சார்ஜ் விஷயத்தில் எம்25க்கு யுஎஸ்பி இருக்கிறது, போட்டிலேயே பவர் பேங்கில் போடலாம், ஆனால் அந்தச் சின்ன வாய்க்குள் உப்புத்தண்ணீர் இருக்கும்போது செருகினால் அரித்துவிடும், நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்த பிறகுதான் போடவேண்டும்.

பிறகு டிஎஸ்சி, அதாவது ஒரே பொத்தானில் ஆபத்துச் செய்தியைத் தானாக அனுப்புகிற வசதி. நான் அதிக நேரம் எடுத்தது இதில்தான். ஸ்டாண்டர்ட் ஹொரைசன் எச்எக்ஸ்890, ஐகொம் எம்94டி போன்றவற்றில் மூடிக்குக் கீழே ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கும். மூடியைத் தூக்கிச் சில விநாடி அழுத்திப் பிடித்தால் நம்முடைய போட்டை அடையாளம் காட்டுகிற எம்எம்எஸ்ஐ இலக்கம், ஜிபிஎஸ் காட்டுகிற இடம், நேரம் எல்லாம் 70ஆம் சனலில் தானாகப் போகும். வாய் திறந்து ஒரு சொல்லும் சொல்லத் தேவையில்லை. இதற்கு விலை சாதாரணச் செட்டைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. நம்மூர்ப் பைபர் போட்டுகள் எதிலும் இதைக் கேட்கிற செட் பெரிதாக இல்லை என்று ஒரு அண்ணன் சொன்னார், அதுவும் சரிதான். ஆனால் பிரீமா மா ஆலைக்கும் டோக்கியோ சீமெந்துக்கும் வருகிற பெரிய கப்பல்கள் சர்வதேச விதிப்படி 70ஆம் சனலை எப்போதும் கேட்டுக்கொண்டு இருக்கவேண்டியவை. எங்கள் போட்டில் வருகிறவர்களில் பாதிப்பேருக்குத் தமிழும் தெரியாது சிங்களமும் தெரியாது. ஓட்டுகிறவருக்கு ஏதாவது நடந்தால் அவர்கள் செய்யக்கூடியது அந்தப் பொத்தானை அழுத்துவது ஒன்றுதான். அதை நினைத்துத்தான் எச்எக்ஸ்890ஐ முடிவுபண்ணினேன்.

டொரொண்டோவிலிருந்து வருகிற மச்சான் வாங்கிக்கொண்டு வருகிறேன் என்றார். அங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். இலங்கையில் ரேடியோக் கருவியைக் கொண்டுவரவும் வைத்திருக்கவும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும், மீன்பிடிப் படகு, சுற்றுலாப் படகு என்று விதிவிலக்குக் கிடையாது. முதலில் மாடல் பெயரோடு எழுதிக் கேட்டு அனுமதியை எடுத்து, அதற்குப் பிறகுதான் மச்சானுக்குச் சொன்னேன். கடிதம் கையில் இல்லாமல் யாராவது பெட்டிக்குள் போட்டுக்கொண்டு வந்தால் சுங்கத்தில் அவருக்குத்தான் சங்கடம். எம்எம்எஸ்ஐ இலக்கத்தில் ஒன்பது எண்கள் இருக்கும், இலங்கைப் படகுக்கு 417 என்று தொடங்கவேண்டும், வெளிநாட்டில் இலவசமாகத் தருகிற இலக்கத்தை அடித்துப் போடாதீர்கள். பெரும்பாலான செட்டுகளில் பிறகு மாற்றுவது கஷ்டம். இன்னொன்று, வட அமெரிக்காவில் விற்கிற செட்டைத் திறந்ததும் அமெரிக்கச் சனல் வரிசையில் இருக்கும். 16 எங்கும் 16தான், ஆனால் மற்றச் சில சனல்கள் ஒத்துவராது. மெனுவில் சர்வதேச வரிசைக்கு மாற்றியே ஆகவேண்டும்.

செட் வந்ததும் முதலில் வாளியில் போட்டுப் பார்த்தோம், மிதந்தது, மினுங்கியது. பற்றரியைக் கழற்றி அந்த ரப்பர் வளையத்தை விரலால் தடவிப் பாருங்கள், ஒரு மணல் பரல் இருந்தாலும் தண்ணீர் அந்த வழியாகத்தான் உள்ளே போகும். பிறகு மருமகனைக் கரையில் சாதாரணச் செட் ஒன்றோடு நிறுத்திவிட்டு வேறொரு வேலைச் சனலில் கதைத்துக்கொண்டே வெளியே போனேன். 16ஐ இந்தச் சோதனைக்குப் பாவிக்கக் கூடாது, சிவப்புப் பொத்தானையும் தொடக்கூடாது. கணக்குச் சொன்னபடியே குரல் கரகரத்தது, செட்டைச் சரித்துப் பிடித்தால் இன்னும் மோசம், அன்டனாவை நேராக நிறுத்தித் தூக்கினதும் திரும்பி வந்தது. கோணேசர் மலைக்குப் பின்பக்கம் போனதும் ஒன்றுமே இல்லை, மலை அப்படியே மறைத்துவிட்டது. மருமகன் விருந்தினர் விடுதி மொட்டைமாடிக்கு ஏறினதும் வெளிக்கடலில் முன்பு கேட்காத இடத்திலெல்லாம் தெளிவாகக் கேட்டது. இப்போது போட் வெளியே இருக்கும்போது கரைச்செட் அந்த மாடியில்தான்.

செட்டை ஸ்டியரிங் பக்கத்தில் கொழுவவில்லை. ஓட்டுகிறவருடைய லைஃப் ஜாக்கெட்டில் குட்டைக் கயிற்றால் கட்டியிருக்கிறோம், போட்டை விட்டு ஆள் விழுந்தாலும் செட் ஆளோடுதான் இருக்கும். மேடே என்ற ஆபத்து அழைப்புச் சொல் மூன்று தடவை, போட்டின் பெயர், இருக்கிற இடம், என்ன நடந்தது, எத்தனை பேர் என்ற வரிசையைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி லேமினேட் பண்ணி சீட்டுக்கு முன்னால் ஒட்டியிருக்கிறேன். புறப்படும் முன் பயணிகளுக்கும் அந்தச் சிவப்புப் பொத்தானைக் காட்டுகிறோம். மாமா இப்போது தன்னுடைய வள்ளத்துக்கும் ஒன்று கேட்கிறார். அவர் கரையோரம்தான் தொழில் செய்கிறவர், அவருக்கு டிஎஸ்சி இல்லாத, மிதக்கிற சாதாரணச் செட் போதும். அனுமதிக்கு எழுதிப் போட்டிருக்கிறேன்.