கொட்டாஞ்சேனை வீட்டில் ஒரு வாடகை அறை: கூட்டுக்கதைக் குழுவில் சேர்ந்த அனுபவம்

ரோல்பிளே என்றதும் வேடம் போட்டு நடிப்பது என்று பலர் நினைக்கிறார்கள். நான் சேர்ந்திருப்பது எழுத்து ரோல்பிளே. கதை ஒன்று, எழுதுகிறவர்கள் பலர். ஆளுக்கொரு பாத்திரம். என் பாத்திரம் என்ன செய்கிறது, என்ன சொல்கிறது, என்ன நினைக்கிறது என்று ஒன்றிரண்டு பத்தி எழுதிப் போடுவேன். அதை வாசித்துவிட்டு அடுத்தவர் தன் பாத்திரத்தின் பதிலை எழுதுவார். கதை எங்கே போய் முடியும் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

இதன் வேர் 1974இல் வந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை விளையாட்டில் இருக்கிறது. 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் இருவர் மட் என்ற நிரலை எழுதினார்கள். பலர் ஒரே நேரத்தில் ஒரே கற்பனை உலகத்துக்குள் எழுத்து வழியாக நடமாட அது இடம் கொடுத்தது. எங்கள் குழு இருப்பது 2015இல் வந்த டிஸ்கோர்ட் என்ற அரட்டைத் தளத்தில். எல்லாரும் தமிழில்தான் எழுதுகிறோம். கொழும்பில் சிலர், ஹட்டனில் ஒருவர், மட்டக்களப்பில் ஒருவர், ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிலர்.

நான் சேர்ந்தபோது ஓடிக்கொண்டிருந்த கதை 1964ஆம் ஆண்டுக் கொழும்பில் நடந்தது. கொட்டாஞ்சேனையில் ஒரு வீடு. வீட்டுக்காரி ராசம்மா அறைகளை வாடகைக்கு விட்டுச் சாப்பாடும் கொடுக்கிறாள். துறைமுகத்தில் வேலை செய்பவர், கடைச் சிப்பந்தி, படிக்க வந்த பிள்ளை என்று அறைக்கு ஒருவர். ஓர் அறை காலியாக இருந்தது. அந்த அறைக்குத்தான் நான் விண்ணப்பித்தேன்.

முதலில் விதிகளையும் பழைய காட்சிகளையும் வாசிக்கச் சொல்வார்கள். இதை அவசரப்படாமல் செய்ய வேண்டும். ராசம்மா யாரை எப்படிக் கூப்பிடுவாள், குசினி எந்தப் பக்கம், யார் யாரோடு கதை பேச்சில்லை என்பதெல்லாம் அங்கேதான் கிடக்கிறது. புதிதாக வருகிறவர் வீட்டின் பழக்கவழக்கம் தெரிந்து எழுதினால், மற்றவர்கள் உடனே அவரோடு சேர்ந்து எழுத ஆசைப்படுவார்கள்.

அப்புறம் பாத்திரப் படிவம். பெயர், வயது, ஊர், தொழில், எதற்கு ஆசைப்படுகிறார், எதற்குப் பயப்படுகிறார், யாருக்கும் சொல்லாதது என்ன. என் பாத்திரம் சவரிமுத்து, நாற்பது வயது, மன்னார்ப் பக்கம். புறக்கோட்டையில் ஓர் அச்சகத்தில் ஈய எழுத்துக் கோப்பவர். படிவம் கேள்விகளோடு திரும்பி வந்தது. அநேகமாக எல்லாருடையதும் ஒரு தரமாவது அப்படித்தான் வருமாம். குழுவைக் கவனித்துக்கொள்ளும் மொடரேட்டர் அண்ணா கேட்டிருந்த கேள்விகளில் ஒன்று இன்னும் என்னோடு இருக்கிறது: 'சவரிமுத்துவுக்கு இந்த வீட்டில் யாரிடமாவது ஏதாவது தேவை இருக்கிறதா?' தனியாகவே நிறைவாக வாழ்கிற ஆள் கூட்டுக்கதைக்கு உதவமாட்டான். வாழ்க்கை வரலாற்றைப் பக்கம் பக்கமாக எழுதி அனுப்புகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. எல்லாக் காயமும் ஆறி, எல்லாக் கேள்விக்கும் விடை தெரிந்து வருகிற பாத்திரத்துக்கு மற்றவர்கள் என்னத்தைக் கொடுக்க முடியும்? சவரிமுத்துவுக்கு எழுத வாசிக்கத் தெரியும், ராசம்மாவுக்குத் தெரியாது. அவளுடைய கடிதங்களை அவன் வாசித்துக் காட்ட வேண்டும், அவனுக்கு அவள் வாடகைக்குத் தவணை கொடுக்க வேண்டும். படிவத்தில் இந்த ஒரு வரியைச் சேர்த்ததும் அறை கிடைத்தது.

தொழில்நுட்பத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டப்பர்பாக்ஸ் என்றொரு பொட், அதாவது தானாக இயங்கும் நிரல், இருக்கிறது. பாத்திரத்தின் பெயரையும் படத்தையும் அதில் பதிந்து, ஒரு முன்குறியும் கொடுத்துவிட்டால் போதும். அந்தக் குறியோடு நான் எழுதுவது என் பெயரில் வராமல் சவரிமுத்துவின் பெயரில் வரும். டிஸ்கோர்ட்டில் காசு கட்டாதவர்களுக்கு ஒரு செய்திக்கு 2000 எழுத்துக்குறிகள்தான் எல்லை. தமிழில் புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனியாக எண்ணப்படும். 'கு' நமக்கு ஓர் எழுத்து, கணினிக்கு இரண்டு. அதனால் இருநூற்றுச் சொச்சம் சொற்களிலேயே எல்லை வந்துவிடும். எனக்கு இது பிடித்திருக்கிறது. நீட்டி முழக்க இடமில்லாததால் வேண்டியதை மட்டும் எழுதப் பழகுகிறோம்.

கதைக்கு உள்ளே பேசுவதற்கும் வெளியே பேசுவதற்கும் தனித்தனி அறைகள் உண்டு. உள்ளே என்றால் ஐசி (இன் கரெக்டர்), வெளியே என்றால் ஓஓசி (அவுட் ஒஃப் கரெக்டர்). ஐசியில் ராசம்மா சவரிமுத்துவைக் கிழிகிழியென்று கிழிப்பாள். அதே நேரம் ஓஓசியில் அவளை எழுதும் ரொறன்ரோ அக்கா, 'தங்கச்சி, அந்த வசனம் நல்லா வந்திருக்கு' என்று எனக்கு எழுதுவார். பாத்திரத்தின் கோபம் எழுதுகிறவரின் கோபமில்லை என்பது புதியவருக்கு மனதில் பதியக் கொஞ்ச நாள் எடுக்கும். அதுவரை சந்தேகம் வந்தால் ஓஓசியில் நேரே கேட்டுவிடுவதுதான் நல்லது. கேட்டதற்காக எங்கள் குழுவில் யாரும் முகம் சுளித்ததில்லை.

இனி முதல் போஸ்ட். புதியவர்களுக்கென்று ஒரு பயிற்சி அறை இருக்கிறது. அங்கே எழுதுவது கதையில் சேராது. ரொறன்ரோ அக்கா அங்கே ஒரே காட்சியை இரண்டு விதமாக எழுதிக் காட்டினார். முதலாவது:

'சவரிமுத்து வேலை முடிந்து வந்தான். களைப்பாக இருந்தது. சாப்பிட்டுவிட்டுப் போய்ப் படுத்தான்.'

வசனத்தில் பிழையில்லை. ஆனால் இதற்கு ராசம்மா என்ன பதில் எழுதுவது? அவன் போய்ப் படுத்தே விட்டான். இரண்டாவது:

'சவரிமுத்து செருப்பைக் கழற்றாமலே குசினி வாசலில் நின்றான். விரல் நுனியெல்லாம் மை. "அக்கா, எனக்கு ஏதும் கடிதம் வந்ததோ?" கேட்டது கடிதத்தை, பார்த்தது மேசையில் கிடந்த தந்தியை.'

இந்த இரண்டாவதைத்தான் அக்காவின் அனுமதியோடு என் முதல் போஸ்டாகக் கதையில் போட்டேன். அடுத்த நாள் காலை, காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் நின்றுகொண்டு போனைத் திறந்தால் ராசம்மாவின் பதில் வந்திருந்தது: 'ராசம்மா தந்தியை உள்ளங்கையால் மூடினாள். "உனக்கு ஒண்டுமில்லை. கையைக் கழுவிப்போட்டு வா." வாசிக்கத் தெரியாதவள் அதை ஏன் மூடினாள் என்று அவளுக்கே விளங்கவில்லை.' வெள்ளவத்தையிலிருந்து புறக்கோட்டை வரைக்கும் அந்த மூன்று வரியைத்தான் திரும்பத் திரும்ப வாசித்தேன். தந்தி யாருக்கு, அதில் என்ன இருந்தது என்று அப்போது அக்காவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அந்தத் தந்தியே பிறகு கதையைத் தூக்கிக்கொண்டு போனது.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். வடிவான வசனம் இரண்டாம் பட்சம். உங்கள் போஸ்டை வாசித்து முடித்தவருக்குச் செய்வதற்கு ஏதாவது மிஞ்சியிருக்க வேண்டும். ஒரு கேள்வியோ, பாதியில் நின்ற சொல்லோ, கதவைத் தட்டும் சத்தமோ போதும். கரம் விளையாட்டில் அடுத்தவருக்குக் காய் மிச்சம் வைக்காமல் ஆடினால் ஆட்டம் முடிந்துவிடும். இங்கே ஆட்டம் முடியாமல் இருப்பதற்காகத்தான் எல்லாரும் கூடியிருக்கிறோம்.

இதன் மறுபக்கம், மற்றவரின் பாத்திரத்தை நாம் நடத்தக் கூடாது. 'சவரிமுத்து அறைந்தான், துறைமுகக்காரன் விழுந்தான்' என்று எழுதினால் கோட்மோடிங். விழுவதா, விலகுவதா, திருப்பி அறைவதா என்பதைத் துறைமுகக்காரனை எழுதுகிறவர்தான் தீர்மானிப்பார். நான் கையை ஓங்குவதோடு நிறுத்த வேண்டும். இது கடுமையாகப் பார்க்கப்படும் விதி. பார்க்கப்படவும் வேண்டும்.

இன்னொன்று மெட்டாகேமிங். எழுதுகிறவருக்குத் தெரிந்ததெல்லாம் பாத்திரத்துக்குத் தெரியக் கூடாது. எங்கள் கதையில் இது பெரிய சோதனையாக வந்தது.

1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. மலையகத் தமிழரில் 525,000 பேரை இந்தியா ஏற்பது, 300,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது, மிச்சம் 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவது என்று தீர்மானித்தார்கள். எங்கள் வீட்டில் கடைச் சிப்பந்தி முத்தையா தோட்டத்தில் பிறந்தவன். ஹட்டன் தம்பி எழுதும் பாத்திரம் அது. எந்தப் பக்கம் என்று முடிவெடுக்க முன், பார்த்தேயிராத பெரியப்பாவை ராமநாதபுரத்தில் ஒரு தரம் பார்த்துவிட வேண்டும் என்று முத்தையாவுக்கு ஆசை. தந்தியும் அவனுக்குத்தான் என்று ஆகியிருந்தது. அந்தக் காலத்தில் கோட்டையில் ரயிலேறித் தலைமன்னார் போய், அங்கிருந்து கப்பலில் தனுஷ்கோடி போய், மறுபடி ரயில் பிடித்துவிடலாம். டிசம்பர் 21ஆம் திகதி இரவு ரயிலுக்கு டிக்கெட் எடுத்ததாகத் தம்பி எழுதினான்.

டிசம்பர் 22ஆம் திகதி இரவு தனுஷ்கோடியைப் புயல் அழித்தது. பாம்பனிலிருந்து வந்த ரயிலையே கடல் அள்ளிக்கொண்டு போனது. எங்கள் எல்லாருக்கும் தெரியும். வீட்டில் உள்ள ஒருவருக்கும் தெரியாது.

ஒருவர் தன் பாத்திரம் கெட்ட கனவு கண்டு முத்தையாவை மறிப்பதாக எழுதினார். மொடரேட்டர் அண்ணா தன்மையாக அதை மாற்றி எழுதித் தரச் சொன்னார். மறிக்கலாம், ஆனால் காரணம் கதைக்குள்ளிருந்து வர வேண்டும். ராசம்மா வாடகைப் பாக்கியைச் சொல்லி மறித்தாள். துறைமுகக்காரன் பாக்கியைத் தானே கட்டிவிட்டான், நண்பனுக்கு நல்லது செய்கிறேன் என்று. அந்தப் போஸ்டை எழுதிவிட்டுத் தனக்குக் கை நடுங்கியது என்று லண்டன் அண்ணா ஓஓசியில் சொன்னார். முத்தையா போனான். அவன் இருக்கிறானா இல்லையா என்று சொல்லும் உரிமை ஹட்டன் தம்பிக்கு மட்டும்தான். எல்லாரிடமும் கேட்டுக்கொண்டு, கொஞ்ச நாளைக்குச் சொல்லாமல் விடுகிறேன் என்றான்.

அச்சகத்தில் அந்தச் செய்தியைக் கோக்கும் வேலை சவரிமுத்துவுக்கு வந்தது. ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து, கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலம் மாறி, தலைகீழாக அடுக்க வேண்டும். 'தனுஷ்கோடி' என்ற சொல்லுக்கு அவன் 'ஷ்'ஐத் தேடுகிறான், அது உரிய பெட்டியில் இல்லை. அந்தப் போஸ்டில் நான் எழுதியது அந்தத் தேடலை மட்டும்தான். எழுதும்போதே அழுதுவிட்டேன். பாத்திரத்தின் துயரம் இப்படி எழுதுகிறவருக்குள் கசிவதை ப்ளீட் என்பார்கள். வந்தால் ஓஓசியில் சொல்லிவிட்டு ஓரிரு நாள் ஓய்வெடுப்பது வழக்கம். அன்றிரவு ரொறன்ரோ அக்கா வெகுநேரம் என்னோடு கதைத்துக்கொண்டிருந்தார்.

இதனால்தான் எல்லைகளை முன்கூட்டியே பேசிக்கொள்கிறோம். கதையில் வரவே கூடாதவை ஒரு பட்டியல், வரலாம் ஆனால் விவரிக்காமல் திரை போட்டுக் கடக்க வேண்டியவை இன்னொரு பட்டியல். ஏன் என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. 1983 ஜூலையை எங்கள் கதைகளில் தொடுவதில்லை. அதை நேரில் கண்ட வீட்டுப் பிள்ளைகள் குழுவில் இருக்கிறார்கள். வயதுவந்தவர்கள் மட்டும் சேரலாம். உண்மைப் பெயர், வீட்டு முகவரி, வேலையிடம் கேட்கக் கூடாது. எந்தக் குழுவிலாவது இவற்றைத் துருவித் துருவிக் கேட்டாலோ, தனிச் செய்தியில் மட்டும் எழுதுவோம் என்று வற்புறுத்தினாலோ, யோசிக்காமல் வெளியே வந்துவிடுங்கள்.

நேர வித்தியாசம் இன்னொரு விஷயம். குளிர்காலத்தில் ரொறன்ரோ எங்களுக்குப் பத்தரை மணித்தியாலம் பின்னே. நான் இரவுச் சாப்பாடு முடித்து எழுதுவது அக்காவுக்குக் காலை. பதில் வரவில்லையே என்று பொறுமையிழந்து திரும்பத் திரும்பக் கேட்பது சரியில்லை. அதற்குப் பதிலாக வேறொரு காட்சியில் இன்னொருவரோடு எழுதலாம். பரீட்சை, வேலைப் பளு, வீட்டில் சுகமில்லை என்றால் ஓய்வு அறிவித்துவிட்டுப் போகலாம். யாரும் குறை சொல்லமாட்டார்கள். சொல்லாமல் காணாமல் போவதுதான் மற்றவர்களைச் சங்கடப்படுத்தும். நடுக் காட்சியில் ஒரு பாத்திரம் வாயைத் திறந்தபடி நின்றால் மிச்சப் பேர் என்ன செய்வது?

ஆராய்ச்சிக்குப் பயப்பட வேண்டாம். பழைய பத்திரிகைகளையும் சிறப்பு மலர்களையும் நூலகம் என்ற இணையத்தளத்தில் இலவசமாக வாசிக்கலாம். கொழும்பில் டிராம் 1960இலேயே நின்றுவிட்டது, 1964இல் முத்தையா பஸ்ஸில்தான் கோட்டைக்குப் போக வேண்டும் என்பது போன்ற விவரங்களைச் சரிபார்க்க மட்டக்களப்பு அண்ணா இருக்கிறார். அவருக்கு அதில் அலாதி சந்தோஷம்.

முத்தையாவின் கடிதம் வந்ததா என்று சொல்லமாட்டேன். புதிதாகச் சேருகிறவர்கள் அதை முதலிலிருந்து வாசித்து வரட்டும். அந்தக் கதை முடிந்துவிட்டது. அடுத்தது டிராம் தொழிலாளர் வேலைநிறுத்தம் நடந்த 1929ஆம் ஆண்டுக் கொழும்பு. வாக்கெடுப்பில் தேர்வாகி, படிவங்களும் திறந்தாயிற்று. இந்த முறை படிவம் வாசிக்கும் பொறுப்பில் நானும் இருக்கிறேன். மருத்துவச்சி, தேநீர்க் கடைக்காரர், பொலிஸ்காரர் எல்லாரும் வந்துவிட்டார்கள். டிராம் கொண்டக்டரை மட்டும் இன்னும் ஒருவரும் எடுக்கவில்லை.