ரையோலியில் ஒரு ராஜா

அகமதாபாத் போகிறவர்கள் சபர்மதி ஆசிரமம், அடாலஜ் படிக்கிணறு என்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கூடவே குழந்தைகள் இருந்தால் பாலாசினோருக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். காரில் சுமார் இரண்டு மணி நேரம். அதற்கடுத்த ரையோலி கிராமத்தில்தான் ராஜாசாரஸ் என்ற டைனோசரின் எலும்புகள் கிடைத்தன.

என் மகளுக்கும் தங்கை மகனுக்கும் டி-ரெக்ஸ் என்றால் உயிர். அமெரிக்காவில் அது திரிந்த காலத்தையொட்டி நம் மண்ணிலும் ஒரு பெரிய வேட்டை டைனோசர் இருந்தது அவர்களுக்குத் தெரியாது. எப்படித் தெரியும்? பொம்மைக் கடையில்கூட அது கிடைப்பதில்லை. எனக்கு அது பெரிய வருத்தம்.

2019-ல் திறந்த அருங்காட்சியகத்தில் அதன் உருவத்தைப் பார்த்ததும், "பெரியம்மா, இது பேரு ராஜாவா?" என்றான் பையன். "ஆமாண்டா. ராஜாசாரஸ் நர்மதென்சிஸ். நர்மதைப் பக்கத்து ராஜா" என்றேன். முழுப் பெயரையும் இருவரும் ஒரே மூச்சில் சொல்லிப் பழகிவிட்டார்கள். டி-ரெக்ஸைவிடச் சின்னதுதான், ஆனால் நெற்றியில் குட்டையாக, மழுங்கலாக ஒற்றைக் கொம்பு. மகள் தன் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். இதன் நெருங்கிய உறவுக்காரர்கள் மடகாஸ்கரில் இருந்தார்கள். இரண்டு நிலங்களும் ஒரு காலத்தில் ஒட்டியிருந்தவை.

எனக்கு வியப்பாக இருந்தது வேறொன்று. 1980-களின் தொடக்கத்தில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையினர் சேகரித்த எலும்புகள் இவை. இந்திய, அமெரிக்க அறிஞர்கள் சேர்ந்து ஆராய்ந்து பெயர் வைத்தது 2003-ல். அதுவரை ராஜாவுக்குப் பெயரே இல்லை!

வெளியே புதைபடிவப் பூங்காவை அவசியம் நடந்தே பாருங்கள். வழிகாட்டி ஒரு பாறையில் தண்ணீர் ஊற்றினார். சாம்பல் நிறத்தில் கிடந்த கல்லில் தேங்காய் அளவு வட்டங்கள் பளிச்சென்று எழுந்தன. தாவரம் தின்னும் பெரிய டைனோசர்களின் முட்டைகள். பிள்ளைகள் ஈரம் காயும்வரை அதன் விளிம்பை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்கள்.

"குஞ்சுகளை ராஜா தின்னுடுமா?" என்று மகள் கேட்டாள். தின்றிருக்கலாம், சாட்சி இல்லை என்றார் வழிகாட்டி. ஆனால் பாம்புக்குச் சாட்சி இருக்கிறதாம். இதே குஜராத்தில், முட்டைக் கூட்டுக்குள் ஒரு குஞ்சின் பக்கத்தில் மூன்றரை மீட்டர் பாம்பு சுருண்டபடியே கல்லாகிக் கிடைத்திருக்கிறது. இருவரும் உடனே அதன் பெயரைக் கேட்டார்கள்.

சனாஜே.