பொக்காராவில் கயாக் பயிற்சி: ஏரியில் ஒரு நாள், சேத்தி ஆற்றில் மூன்று நாள்

நேபாளத்தின் பொக்காராவில் புதியவர்களுக்கான கயாக் (ஒருவர் உட்கார்ந்து துடுப்பால் ஓட்டும் சிறு படகு) பயிற்சி பெரும்பாலும் 4 நாள். முதல் நாள் ஃபேவா ஏரியில். மீதி 3 நாளும் தமௌலியிலிருந்து காய்காட் வரை சேத்தி ஆற்றில். இரவுக்கு மணல்கரையில் கூடாரம். கற்றுக்கொள்ள சேத்தி நல்ல ஆறு. அங்குள்ள மற்ற ஆறுகளை விடத் தண்ணீரில் குளிர் குறைவு. வேகமான இடங்கள், கடினத்தை 1 முதல் 6 வரை அளக்கும் கணக்கில் 2, 3ஆம் நிலைதான். அவற்றைத் தாண்டியதும் பெரும்பாலும் நீர் அமைதியாகிவிடும், கவிழ்ந்தவரைக் கரை சேர்க்க நேரம் கிடைக்கும். அக்டோபர், நவம்பர் அல்லது மார்ச், ஏப்ரலில் போங்கள்.

பணம் கட்டும் முன் ஒன்றைக் கேளுங்கள்: ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர்? 4 பேருக்கு மேல் என்றால் வேறு பள்ளி பார்ப்பதே நல்லது.

படகில் உட்காருவதிலேயே பாதி விஷயம் இருக்கிறது. பாதம் மிதியில் பதிய வேண்டும், தொடை மேல்தாங்கியில் அழுந்த வேண்டும், இடுப்பின் இருபுறமும் இடைவெளி இருக்கக் கூடாது. இருந்தால் ஃபோம் துண்டு செருகச் சொல்லுங்கள். தொளதொளவென்று உட்கார்ந்தால் நீங்கள் இடுப்பைத் திருப்பினாலும் படகு திரும்பாது. பிறகு நாள் முழுக்க ரோல், அதாவது கவிழ்ந்த படகை உட்கார்ந்தபடியே நிமிர்த்தும் வித்தை, வராது.

அடுத்து ஸ்கர்ட், அதாவது படகுக்குள் நீர் புகாமல் இடுப்பைச் சுற்றி மாட்டும் மூடி. முதலில் முதுகுப்பக்கம், பிறகு முன்பக்கம், கடைசியில் பக்கவாட்டில் மாட்ட வேண்டும். முன்னால் இருக்கும் இழுப்பு வளையம் வெளியே கிடக்கிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள். அது உள்ளே மடங்கிவிட்டால் தலைகீழாக இருக்கும்போது பிடிக்க எதுவும் இருக்காது. அனுபவமுள்ள பயிற்சியாளர் ஒவ்வொரு முறையும் ஒவ்வொருவருடைய வளையத்தையும் பார்த்துவிட்டுத்தான் தண்ணீருக்குள் விடுவார். ஆளை எடைபோட எனக்கு இது ஒன்று போதும்.

கவிழ்ந்து வெளியே வருவதுதான் முதல் பாடம். உடம்பை முன்னால் மடக்குங்கள், படகின் அடிப்பக்கத்தை 3 முறை தட்டுங்கள், வளையத்தை முன்னே தள்ளி மேலே இழுங்கள், இரு கையாலும் இடுப்புக்குப் பக்கத்தில் ஊன்றி வெளியே வழுக்குங்கள். பயத்தில் பின்னால் சாய்ந்தால் தொடை தாங்கியில் மாட்டிக்கொள்ளும், முகமும் பாறைக்கு நேராக வரும். தட்டச் சொல்வது பதற்றத்தை அடக்கத்தான். தட்டி முடிக்கும் நேரத்தில் மூளை தெளிந்துவிடும். மூக்கு கிளிப் கட்டாயம் போடுங்கள். இந்தப் பாடத்தை அவசரமாக முடிக்கும் பள்ளியில் ரோலும் அரைகுறையாகத்தான் வரும், ஏனென்றால் பயந்தவர் எப்போதும் தலையைத்தான் முதலில் தூக்குவார்.

ரோலில் பெரும்பாலானவர்கள் தோற்பதும் அங்கேதான். துடுப்பைப் படகுக்கு இணையாக வைத்து, இரு கையும் நீருக்கு மேலே வந்தபின், முன் இலையை (துடுப்பின் தட்டையான முனையை) மேற்பரப்போடு வளைவாக வெளியே வீச வேண்டும். படகுக்குச் செங்குத்தாக வரும்போது அந்தப் பக்க முழங்காலை வெடுக்கென்று மேலே இழுக்க வேண்டும். படகு முதலில் நிமிரும், உடம்பு பின்தொடரும், தலை கடைசியில் வரும். தலையை முன்கூட்டியே தூக்கினால் அதன் எடையே மறுபடி கவிழ்த்துவிடும். கண் துடுப்பின் இலையை விட்டு விலகாமல் இருந்தால் தலை தானாகத் தாழ்ந்தே இருக்கும். இலை ஆழத்துக்கு இறங்குகிறது என்றால் மணிக்கட்டு மடங்கவில்லை என்று அர்த்தம். இலையின் முன்விளிம்பு சற்றே மேல்நோக்கி இருக்க வேண்டும். கையால் பலமாக அழுத்தி எழ முயலாதீர்கள், தோள்மூட்டு விலகும் ஆபத்து இருக்கிறது. முழங்கை உடம்பை ஒட்டியே இருக்கட்டும்.

ஆற்றில் முதலில் எடி. பாறைக்குப் பின்னால் நீர் எதிர்த்திசையில் திரும்பி ஓடும் இடம் அது. ஓய்வெடுக்க, மற்றவர்களுக்காகக் காத்திருக்க அங்கேதான் ஒதுங்குவோம். அதிலிருந்து நீரோட்டத்துக்குள் நுழையும்போது நீர் வரும் திசையை நோக்கி ஏறக்குறைய 45 பாகையில் படகின் மூக்கை வைத்து அழுத்தமாகத் துடுப்பு போடுங்கள். எடியும் நீரோட்டமும் சந்திக்கும் கோட்டை மூக்கு தாண்டியதுமே படகை நீர் போகும் பக்கமாகச் சாய்க்க வேண்டும். வரும் நீரைப் பார்த்து உடம்பு அது வரும் பக்கமாகச் சாயத்தான் துடிக்கும். சாய்ந்தால் நீர் படகின் மேல் ஏறி நொடியில் கவிழ்க்கும்.

படகை விட்டு நீந்த வேண்டி வந்தால் மல்லாந்து, கால்களை ஆறு போகும் திசையில் நீட்டி, பாதத்தை மேற்பரப்பில் வையுங்கள். ஓட்டத்தில் எழுந்து நிற்கவே கூடாது. பாதம் பாறை இடுக்கில் சிக்கினால் நீரே உங்களை அமுக்கிவிடும். கயிறு வீசினால் அதை நெஞ்சோடு பிடித்துத் தோள்மேல் போட்டுக்கொண்டு மல்லாந்தபடி வாருங்கள். கையில் ஒருபோதும் சுற்றாதீர்கள்.