எதிருரையில் ஒரு பத்தி

குடும்ப நல நீதிமன்ற வழக்குகளை நடத்தத் தொடங்கிய புதிதில் நான் எழுதிய ஓர் எதிருரை (எதிர்த்தரப்பின் மனுவுக்கு எழுத்தில் தரும் பதில்) இன்னும் என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. கொடுமையைக் காரணம் காட்டி மனைவி விவாகரத்து கேட்டிருந்தார். கணவர் என் கட்சிக்காரர். "அவ நடத்தை சரியில்லைன்னு ஒரு பாரா சேர்த்துடுங்க சார், அப்புறம் ஜீவனாம்சம் கேக்க மாட்டா" என்றார். பிறரோடு தகாத உறவில் வாழ்ந்துவரும் மனைவிக்கு ஜீவனாம்சம் இல்லை என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆவது பிரிவு சொன்னது எங்கோ அவர் காதில் விழுந்திருக்கிறது. யார், எப்போது, எங்கே என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல், அவர் சொன்னதைச் சட்டத் தமிழில் வடித்துக் கொடுத்தேன்.

அடுத்த வாய்தாவிலேயே எதிர்த்தரப்பு வழக்கறிஞர், அந்தப் பத்தியையே கொடுமையின் இன்னொரு நிகழ்வாகத் தம் மனுவில் சேர்க்க அனுமதி கேட்டார். பதறிப்போய் அதை நீக்கிவிடலாம் என்று நான் சொன்னபோது, அவர் சிரித்துக்கொண்டே 2003-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றின் நகலை நீட்டினார். அந்த வழக்கிலும் கணவர் எதிருரையில் மனைவியின் ஒழுக்கத்தைப் பழித்து எழுதி, பிறகு திருத்த மனு போட்டு அந்த வரிகளை எடுத்துவிட்டிருந்தார். அப்படி எழுதியதே மனைவியின் மானத்தின் மீதும் உடல்நலத்தின் மீதும் தொடுத்த கடுந்தாக்குதல் என்றும், பின்னால் விலக்கிக்கொள்வதால் அதன் விளைவு அழிந்துவிடாது என்றும், விவாகரத்துக்கு அதுவே போதும் என்றும் நீதிமன்றம் கூறியது.

1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தில், 1976-ஆம் ஆண்டுத் திருத்தம் வரும்வரை, கொடுமை என்பது நீதிமன்றப் பிரிவுக்கு (திருமணம் முறியாமலே தம்பதி தனித்து வாழ நீதிமன்றம் தரும் அனுமதிக்கு) மட்டுமே காரணமாக இருந்தது; அத்திருத்தமே அதை விவாகரத்துக்கும் காரணமாக்கியது. எது கொடுமை என்று சட்டம் வரையறுக்காததால், அந்தப் பொறுப்பு நீதிபதிகளிடம் வந்தது. பழி சுமத்துபவர் மனைவியாக இருந்தாலும் விதி மாறுவதில்லை. வீட்டு வேலைக்காரியோடு கணவருக்குத் தொடர்பு என்று மனைவி குற்றம் சாட்டிய வழக்கில், அப்படியொரு பெண் அந்த வீட்டில் வேலையே பார்க்கவில்லை என்று சாட்சியம் காட்டியது; அந்தப் பொய்ப்பழியையும் ஒரு கொடுமையாகக் கொண்டு 2016-இல் உச்ச நீதிமன்றம் கணவருக்கு விவாகரத்து அளித்தது.

ஆனால் நிரூபிக்கப்படாதது வேறு, பொய் வேறு. தகாத உறவை யாரும் சாட்சி வைத்துக்கொண்டு நடத்துவதில்லை. உண்மையாகவே வஞ்சிக்கப்பட்டவர் போதிய ஆதாரம் காட்ட முடியாமல் தோற்றால் அவரையும் கொடுமைக்காரர் என்று சொல்வது நியாயமில்லை. நியாயமான காரணத்தோடு செய்த புகார் கொடுமையாகாது, பொய்யென்று தெளிவான புகாரே கொடுமை என்று 2017-இல் உச்ச நீதிமன்றமும் பிரித்துச் சொன்னது. கீழ்நிலைத் தீர்ப்புகள் சிலவற்றில் இந்தக் கோடு அழிந்துபோவதாகவே எனக்குத் தோன்றுகிறது.

1993-இல் முடிந்த ஒரு வழக்குதான் இதில் என்னை அதிகம் யோசிக்க வைப்பது. கணவர் ஒரு வழக்கறிஞர். மனைவிக்குப் பிறரோடு உறவு என்று சொல்லி விவாகரத்து கேட்டார். மனைவியோ, இது சந்தேக நோய், அவர் குடும்பத்திலேயே மனநோய் உண்டு என்று எதிருரையில் எழுதினார். குறுக்கு விசாரணையிலும் அதையே கேட்கச் செய்தார். உச்ச நீதிமன்றம் அந்தப் பதிலையே மனக் கொடுமையாகக் கொண்டு கணவருக்கு விவாகரத்து வழங்கியது; அவர் சொன்ன தகாத உறவு நிரூபிக்கப்படவில்லை, மனைவியின் மானத்துக்குப் பங்கமில்லை என்றும் அதே தீர்ப்பில் பதிவு செய்தது. முதலில் பழி சொன்னவர் வென்றார், பழியால் கொதித்துப் பதில் சொன்னவர் தோற்றார். பல ஆண்டுகள் நீண்டு செத்துப்போன திருமணத்தை முடித்துவைக்க நீதிபதிகள் கண்ட வழி அது என்று புரிகிறது. ஆனாலும் என் மனம் ஒப்பவில்லை.

சென்ற மாதமும் ஒருவர் வந்து அதே பாராவைக் கேட்டார். தேதி, இடம், சாட்சி என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன், ஒன்றுக்கும் பதிலில்லை. எழுத மாட்டேன் என்றதும் வழக்குக் கட்டைத் திருப்பிக் கேட்டார். வேறு வழக்கறிஞர் ஆஜராவதில் ஆட்சேபணை இல்லை என்று வக்காலத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்தனுப்பினேன்.