பழவேற்காடு: இல்லாத படகுக்குப் பணம் கட்டிய ஒரு நாள்

நேற்று மாலை பழவேற்காட்டிலிருந்து வீடு திரும்பியதும் நான் செய்த முதல் வேலை, பணம் கட்டியபோது சுற்றுலா நிறுவனம் அனுப்பியிருந்த நிகழ்ச்சி நிரலை மீண்டும் எடுத்துப் படித்ததுதான். ‘ஏரியில் ஒரு மணி நேரப் படகுச் சவாரி’ என்ற வரி அதில் தெளிவாகவே இருந்தது. பக்கத்தில் சின்னதாக ஒரு பாய்மரப் படகின் படம் வேறு. இந்த வரியைப் பற்றிப் பின்னால் விரிவாக எழுதத்தான் போகிறேன். அதற்கு முன், அந்த ஒரு வரியை நீக்கிவிட்டால் நேற்றைய நாள் மிகவும் அருமையான நாள் என்பதையும் சொல்லியாக வேண்டும். அதனால்தான் எரிச்சல் இரட்டிப்பாகிறது.

தலைக்கு 1,950 ரூபாய். நானும் அத்தையுமாக இருவருக்கு 3,900. வண்டி, காலைச் சிற்றுண்டி, வழிகாட்டி, மதிய உணவு, படகு எல்லாம் இதில் அடக்கம் என்றார்கள். சென்னைக்கு வடக்கே ஏறக்குறைய 55 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஓர் ஊருக்குப் போய்வர இது அதிகம் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் பணி ஓய்வு பெற்ற நாளிலிருந்து பூநாரையை, அதாவது ஃபிளமிங்கோவை, பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கும் அத்தையை இரண்டு பேருந்து மாற்றி அழைத்துச் செல்லத் தயங்கியே ஒப்புக்கொண்டேன்.

அதிகாலை 5 மணிக்கு வர வேண்டிய வேன் 5.50க்கு வந்தது. பன்னிரண்டு பேர் அமரும் வண்டியில் பதினான்கு பேரை ஏற்றியிருந்தார்கள். இரண்டு இருக்கைகளுக்கு நடுவிலுள்ள வழியில் ஒரு பிளாஸ்டிக் முக்காலியைப் போட்டு, அதில் கல்லூரி மாணவர் ஒருவரை உட்கார வைத்திருந்தார்கள். வண்டி பிரேக் போடும்போதெல்லாம் அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். ஏசி வேலை செய்யவில்லை, ஏசி வண்டி என்பதால் சன்னலும் திறக்கவில்லை. ஓட்டுநரிடம் கேட்டதற்கு, “கொஞ்ச தூரம் போனா கூலிங் வந்துடும் சார்” என்றார். மணலி தாண்டி, மீஞ்சூர் தாண்டி, துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளின் பின்னால் ஊர்ந்து, பொன்னேரியில் ஆறிப்போன இட்லியைத் தின்று முடித்த பிறகும் அந்தக் கூலிங் வரவில்லை. சனவரி மாதமாக இருந்ததால் பிழைத்தோம்.

வழிகாட்டியாக வந்தவர் முப்பது வயதுக்குள் இருக்கும் இளைஞர். அவரைப் பற்றி எனக்கு ஒரு குறையும் கிடையாது. பறவைகளைப் பார்ப்பதற்கென்றே முக்காலியில் பொருத்திய தொலைநோக்கி ஒன்றைத் தம் சொந்தக் காசில் வாங்கி, குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு வந்தார். ஏரியின் மேற்குக் கரையிலுள்ள அண்ணாமலைச்சேரிக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி 9. காலை 7 மணிக்குள் வந்திருந்தால் வெயில் கண்ணில் அடித்திருக்காது என்று அவர் வருத்தத்தோடு சொன்னார். தாமதத்துக்கு அவர் காரணமல்ல.

வெறும் கண்ணுக்குத் தெரிந்தது, நீருக்கும் வானத்துக்கும் இடையில் யாரோ சுண்ணாம்பால் இழுத்துவிட்டது போன்ற ஒரு வெள்ளைக் கோடு மட்டுமே. அத்தை ஏமாற்றத்தை மறைக்கவில்லை. “இதுக்கா தம்பி இவ்வளவு தூரம்?” என்று கேட்டேவிட்டார். வழிகாட்டி சிரித்துக்கொண்டே தொலைநோக்கியைத் திருப்பி, உயரத்தைக் குறைத்து, “இப்ப பாருங்கம்மா” என்றார். அத்தை குனிந்து பார்த்தவர் நிமிரவே இல்லை. வரிசையில் பின்னால் நின்ற பன்னிரண்டு பேரும் பொறுமையிழக்கும் வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

என் முறை வந்தபோது அந்தக் கோடு நூற்றுக்கணக்கான பூநாரைகளாகப் பிரிந்தது. நிற்கும்போது அவை கிட்டத்தட்ட வெண்மையாகத்தான் இருக்கின்றன. முழங்கால் அளவு நீரில் ஒரே இடத்தில் நின்றபடி கால்களை மாற்றி மாற்றி மிதித்துச் சேற்றைக் கலக்கி, கழுத்தை வளைத்து அலகைத் தலைகீழாக நீருக்குள் விட்டு, உள்ளே இழுத்த நீரை வடிகட்டி வெளியேற்றிவிட்டு, சிக்கும் சிற்றுயிர்களையும் பாசியையும் உண்கின்றன. அந்த உணவிலுள்ள நிறமிதான் இறகுக்கு ஏறுகிறது; குஞ்சுகள் சாம்பல் நிறத்தில்தான் இருக்குமாம். இதையெல்லாம் வழிகாட்டி சொல்லிக்கொண்டிருக்கும்போதே, எதற்கோ மிரண்டு ஒரு கூட்டம் எழும்பியது. சிறகு விரிந்ததும் உள்ளே மடித்து வைத்திருந்த செந்நிறமும் ஓரத்துக் கருமையும் ஒருசேர வெளிப்பட, கழுத்தையும் கால்களையும் ஒரே கோட்டில் நீட்டிக்கொண்டு அவை எங்கள் தலைக்கு வலப்புறமாகப் பறந்து போயின. தொலைநோக்கி தேவைப்படாத அந்த அரை நிமிடத்துக்காகவே 1,950 ரூபாயில் பாதியை நான் மன்னித்துவிட்டேன். கூழைக்கடாக்களும் கரண்டிவாயன்களும் அருகிலேயே இருந்தன, ஆனால் அதன் பிறகு அவற்றை யாரும் சரியாகக் கவனிக்கவில்லை.

இவ்வளவு பறவைகள் இங்கே கூடுவதற்கு ஏரியின் ஆழமின்மையே காரணம். ஒடிசாவின் சிலிக்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. இதன் மிகப் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. சராசரி ஆழம் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான் என்பதால், பல இடங்களில் படகைத் துடுப்பால் வலிக்காமல் நீண்ட கழியை ஊன்றித் தள்ளிக்கொண்டு போகிறார்கள். வடகிழக்குப் பருவமழையில் ஆரணி ஆறும் மற்ற ஆறுகளும் நன்னீரைக் கொண்டுவந்து கொட்டும். கோடையில் அதே நீர் கடலைவிடக் கரிப்பாகிவிடும்.

அடுத்து டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம். நான் அரை மனதோடுதான் இறங்கினேன். வாசலின் இருபுறமும் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் நிற்கின்றன. உள்ளே கிடக்கும் கருங்கற்பலகைகளில் செதுக்கப்பட்ட எழுத்துகள் முந்நூறு ஆண்டு கடந்தும் விரலால் தடவிப் படிக்கும் அளவுக்குக் கூர்மையாக இருக்கின்றன. ஒரு பலகையின் ஓரத்தில் செதுக்கிய பூக்கொடியின் பள்ளத்தில் எறும்புகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. 1613ஆம் ஆண்டு எழுந்த கெல்டிரியா கோட்டை, 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரை, சோழமண்டலக் கரையில் டச்சுக் கம்பெனியின் தலைமை இடமாக இருந்தது. இன்று அங்கே புதரும் அகழியின் மிச்சமும்தான் இருக்கின்றன. இங்கிருந்து கப்பலேறிய துணிகள் இந்தோனேசியத் தீவுகளில் மிளகுக்கும் கிராம்புக்கும் மாற்றாகக் கொடுக்கப்பட்டன. மலேசியாவில் இன்றும் கைலியைக் ‘கைன் பெலிக்காட்’ என்று அழைப்பது இந்த ஊரின் பெயரால்தான். துணியோடு மனிதர்களையும் அடிமைகளாக விலைக்கு வாங்கிப் படேவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) ஏற்றினார்கள் என்பதை வழிகாட்டி குரலைத் தாழ்த்தாமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. ஓவியம் போன்ற கல்லறைகளைக் காட்டிவிட்டு அதை விழுங்கிவிடும் வழிகாட்டிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இனி அந்தப் படகு. படகுத் துறைக்குப் போனதும் நாங்கள் எல்லோரும் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு தயாராக நின்றோம். வழிகாட்டி தயங்கித் தயங்கி, சுற்றுலாப் பயணிகளைப் படகில் ஏற்ற இங்கே அனுமதி இல்லை என்றார். 2011ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று, உல்லாசப் பயணமாக வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்துபோனதை நான் செய்தியில் படித்திருக்கிறேன். கட்டுப்பாடு அதன் தொடர்ச்சியாக வந்தது. இது ஊரறிந்த சங்கதி. வாரந்தோறும் இங்கே ஆள் கூட்டி வரும் நிறுவனத்துக்குத் தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை. தெரிந்துகொண்டே நிரலில் படகுப் படம் போட்டு, காசையும் வாங்கிவிட்டு, இல்லை என்று சொல்லும் வேலையை ஒரு பாவப்பட்ட வழிகாட்டியின் தலையில் கட்டியிருக்கிறார்கள். நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்தோம். எடுத்தவர், “அங்க லோக்கல்ல யாராவது ஏத்துவாங்க, பேசிப் பாருங்க” என்றார். நேற்று நான் கேட்டவற்றிலேயே மிக மோசமான வாக்கியம் அதுதான்.

ஏற்ற ஆளும் வந்தார். எட்டுப் பேருக்கு 1,000 ரூபாய், முகத்துவாரம் வரை போய்வரலாம் என்றார். லைஃப் ஜாக்கெட் உண்டா என்று அத்தை கேட்டதற்கு, “இடுப்பளவு தண்ணிதாம்மா” என்று பதில் வந்தது. எங்கள் குழுவில் நான்கு பேர் கிளம்பவே கிளம்பிவிட்டார்கள். அத்தை முப்பத்தைந்து ஆண்டு பள்ளிக்கூடம் நடத்தியவர். “உங்கள்ல நீச்சல் தெரிஞ்சவங்க கையைத் தூக்குங்க” என்றார். ஒரு கைகூட உயரவில்லை. ஏரி இடுப்பளவாக இருக்கலாம், ஆனால் முகத்துவாரத்தில் ஏரியும் கடலும் சந்திக்கும் இடத்தின் இழுப்பு இடுப்பளவு பார்த்து வருவதில்லை என்று வழிகாட்டியும் சேர்ந்து எடுத்துச் சொன்ன பிறகு, முணுமுணுத்துக்கொண்டே திரும்பினார்கள். படகுக்காரர் மீது எனக்குக் கோபமில்லை.

அந்த ஒரு மணி நேர வெற்றிடத்தில், கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தோம். இறால் மிகுதியாகக் கிடைக்கும் இடங்களில் எந்த ஊர்க் குழு எந்த நாளில் வலை கட்டலாம் என்பதை முறைவைத்துப் பங்கிடும் ‘பாடு’ என்ற ஏற்பாடு இங்கே தலைமுறைகளாக இருந்துவருகிறது. இன்றைக்கு அவர்கள் பாடு இல்லையாம். அதனால்தான் நிதானமாக எங்களோடு பேசிக்கொண்டிருந்தார். படகில் போயிருந்தால் இவரைப் பார்த்திருக்க மாட்டோம்தான், ஆனால் இதைக் காரணம் காட்டி நிறுவனத்தை விடுவிக்க எனக்கு மனமில்லை.

மதிய உணவு ஒரு மீனவர் வீட்டுத் திண்ணையில். எழுதும்போதே வாய் ஊறுகிறது. கழி நண்டை ஓட்டோடு உடைத்து, மிளகும் சின்ன வெங்காயமும் பூண்டும் அரைத்த மசாலாவில் புரட்டி, ஓட்டுக்குள்ளேயே குழம்பு தேங்கி நிற்கும்படி இலையில் வைத்தார்கள். கொடுக்கை உடைக்க எனக்குத் தெரியவில்லை. பரிமாறிய அக்கா அதை வாங்கி, அம்மிக் குழவியால் ஒரே தட்டில் விரிசல் விட்டு, சதை சிதையாமல் முழுசாக உருவி என் சோற்றின் மேல் வைத்தார். மடவை மீன் குழம்பு புளிப்பும் காரமுமாகத் தனியாக வந்தது. புதிதாகப் பிடித்த மடவையில் சேற்று வாடை வரும் என்று பயந்திருந்தேன், துளியும் இல்லை. நான் இரண்டாம் முறை சோறு வாங்கியதும், அத்தை மூன்றாம் முறை வாங்கியதும் பயணக் கட்டணத்தில் அடங்கும். கூடுதலாக ஒரு நண்டு கேட்டதற்கு மட்டும் 200 ரூபாய் கொடுத்தோம். ஊரில் பெண்கள் பனையோலையில் முடையும் பெட்டிகளில் ஒன்றை 150 ரூபாய்க்கு வாங்கியதையும் இங்கேயே கணக்கில் சேர்த்துவிடுகிறேன்.

பாலத்தைக் கடந்தால் கலங்கரை விளக்கக் குப்பமும் அதற்கு அப்பால் கடலும். கடற்கரை அகலமாகவும் ஆளில்லாமலும் இருக்கிறது. வடக்கே கண்ணுக்கெட்டாத தொலைவில் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் ஏவும் நாள்களில் மக்கள் இங்கே திரண்டு வந்து வேடிக்கை பார்ப்பார்கள், மீனவர்கள் அன்று அந்தப் பக்கத்துக் கடலுக்குள் போக முடியாது. நேற்று எங்களைத் தவிர மணலில் ஓடும் நண்டுகள்தான் இருந்தன. குளிக்க வேண்டாம் என்று வழிகாட்டி கண்டிப்பாகச் சொன்னதால் கணுக்காலோடு நிறுத்திக்கொண்டோம். நாற்பது நிமிடம் போதவில்லை. மூன்று மணிக்கே வேனில் ஏற்றிவிட்டார்கள், ஓட்டுநருக்கு மாலையில் வேறு சவாரி இருந்ததாம்.

செலவைக் குறைக்கும் வழியை முதலிலேயே எழுதுவதாக இருந்து, பூநாரையில் மறந்துவிட்டேன். சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி மார்க்கத்து மின்சார ரயிலில் சில ரூபாய்களில் பொன்னேரி வந்துவிடலாம்; அங்கிருந்து பழவேற்காட்டுக்குப் பேருந்தும் ஆட்டோவும் உண்டு. அண்ணாமலைச்சேரிக்கு மட்டும் ஆட்டோவை நிற்க வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும், வாடகையை ஏறும் முன்பே பேசிவிடுங்கள். தொலைநோக்கி வைத்திருக்கும் வழிகாட்டி ஒருவர் கிடைத்தால் அவருக்குத் தனியாகப் பணம் கொடுத்துவிட்டு, வேனையும் நிறுவனத்தையும் விட்டுவிடுங்கள். பிப்ரவரி தாண்டாமல் போவது நல்லது.

படகுக்கான பணத்தைத் திருப்பித் தரக் கேட்டு நேற்றிரவு நான் அனுப்பிய செய்திக்கு இன்னும் பதிலில்லை. இன்று காலை அவர்களிடமிருந்து வேறொரு செய்தி வந்திருக்கிறது: உங்கள் பயணத்துக்கு ஐந்து நட்சத்திரங்களில் எத்தனை தருவீர்கள், படகுச் சவாரி உங்களுக்குப் பிடித்திருந்ததா?