அரங்கேற்றத்துக்கு முந்திய மாதங்கள்

இலங்கையின் கிழக்கிலுள்ள மட்டக்களப்பில் கூத்து அரங்கேறும் இரவைப் பற்றி நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. வட்டமான ஆடுகளமாகிய வட்டக்களரியும், வடமோடி என்னும் கூத்து வகையில் அரசர்கள் அணியும் விரிந்த கரப்புடுப்பும், விடியும்வரை ஓயாத மத்தளமும் படங்களாகவும் காணொளிகளாகவும் உலகெங்கும் போய்ச் சேர்ந்துவிட்டன. ஆனால் ஓர் ஊரின் மக்களை ஒருவரோடு ஒருவர் பிணைக்கும் வேலை, அந்த இரவுக்கு முன்னால் மாதக் கணக்கில் நடக்கும் பழக்கத்திலேயே, அதாவது ஒத்திகையிலேயே, பெரும்பாலும் நடந்து முடிந்துவிடுகிறது என்பது என் உறுதியான எண்ணம். அந்த மாதங்களைப் பற்றித்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

எந்தக் கூத்தை ஆடுவது என்று ஊர்ப் பெரியவர்களும், கூத்தைப் பழக்கும் ஆசானாகிய அண்ணாவியாரும் கூடி முடிவெடுத்த பின்னர், சட்டம் கொடுத்தல் நடைபெறும். யாருக்கு எந்தப் பாத்திரம் என்பதை ஒருவருடைய குரலையும் உடல்வாகையும் பார்த்து அண்ணாவியார் தீர்மானித்து, அவரவருக்குரிய பாட்டுகளை ஒப்படைக்கும் நாள் அது. அதன்பின் கிழமைக் கூத்து தொடங்கும். வயல் வேலையும் கடல் வேலையும் முடித்து வந்தவர்கள் இரவில் களரியில் கூடி, முதலில் தாளத்துக்குக் கால் வைக்கவும், பிறகு பாத்திரம் களரிக்குள் வரும்போது ஆடும் வரவு ஆட்டத்தையும், அதன் பின்னரே தரு, விருத்தம் ஆகிய பாட்டுகளையும் பழகுவார்கள். கால்கள் ஓரளவு தேறியதும் சதங்கை அணிவிழா. முழுக் கூத்தையும் ஒழுங்காக ஓட்டிப் பார்க்கும் அடுக்குப் பார்த்தல் அதற்கு அடுத்தது. அரங்கேற்றம் இவை எல்லாவற்றுக்கும் பிந்தியது.

இந்தப் பழக்கத்தின் உயிர் பிற்பாட்டில் இருக்கிறது. ஆடுபவர் ஒரு தருவைப் பாட, அண்ணாவியாரும் அவரைச் சூழ நிற்பவர்களும் அதை வாங்கிப் பாடுவார்கள். மத்தளமும் சல்லாரி என்னும் கைத்தாளமும் அந்தக் கூட்டுக்குரலைத் தாங்கிச் செல்லும். பிற்பாட்டுப் பாடுவதற்கு எவரும் தேர்வு வைப்பதில்லை. நல்ல குரல் வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை, பாட்டுத் தெரிந்திருந்தால் போதும். ஒரு கிழமைக் கூத்தில் நான் பார்த்த காட்சியைச் சொல்ல வேண்டும். அருச்சுனனுக்கு ஆடிய இளைஞன் இரண்டாவது அடியில் தடுமாறி நின்றுவிட்டான். பாட்டுக் கொப்பியைப் பார்த்து அடியெடுத்துக் கொடுப்பவர் வரியைத் தேடிக்கொண்டிருக்கையிலேயே, களரிக்கு வெளியே சைக்கிளைப் பிடித்தபடி நின்ற முதியவர் ஒருவர் அந்த அடியை எடுத்துக் கொடுத்தார். இளமையில் அதே பாத்திரத்தை ஆடியவராம். அவர் குரல் நடுங்கியது, தாளம் மட்டும் இம்மியும் பிசகவில்லை. தேநீர் கொண்டு வந்திருந்த பெண்கள் அடுத்த அடியைச் சேர்ந்து பாடினார்கள். அண்ணாவியார் மத்தளத்தை நிறுத்தாமல் தலையை மட்டும் அசைத்தார். அந்த முதியவருக்கும் இளைஞனின் குடும்பத்துக்கும் இடையே காணித் தகராறு ஒன்று நீண்ட காலமாக இருந்ததை ஊரே அறியும். தகராறு அன்றோடு தீர்ந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். அதற்குப் பின்வந்த பழக்கங்களில் அவர் களரிக்கு உள்ளே நின்றார் என்பதை மட்டும் என் கண்ணால் கண்டேன்.

அரங்கேற்றம் முடிந்த பின்னரும் வீட்டுக்கு வீடு ஆடும் வழக்கம் உண்டு. ஒவ்வொரு முற்றத்திலும் கூத்தின் ஒரு பகுதி ஆடப்படும். வீட்டார் தம்மால் இயன்றதைக் கொடுப்பார்கள். நோயாளிகளும் முதியவர்களும் களரிக்கு வர முடியாமற் போனால், களரியே அவர்களைத் தேடிப் போய்விடுகிறது.

1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இந்தக் கூத்துகளைச் சுருக்கி, பார்வையாளர் ஒருபுறம் மட்டும் அமர்ந்து பார்க்கும் படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தார். 1962இல் மேடையேறிய கர்ணன் போர் அவற்றுள் முதன்மையானது. கூத்தைத் தாழ்வாகப் பார்த்த படித்தவர்களின் கண்ணைத் திறந்த பணி அது. அதன் பெருமையைக் குறைக்க எனக்கு மனமில்லை. ஆயினும் இரவு முழுவதும் ஆடியது ஓரிரு மணி நேரமாகச் சுருங்கியபோது, ஊரவர் பிற்பாட்டுக்காரராக இருந்த இடத்தில் பார்வையாளர் வந்து அமர்ந்தனர். இன்றைய பாடசாலைப் போட்டிகள் பலவற்றிலும் இதுவே தொடர்கிறது: மாணவர்கள் ஒருசில நிமிடக் கூத்தை அழகாக ஆடுகிறார்கள், பரிசும் பெறுகிறார்கள், ஆனால் வீட்டில் எவருக்கும் அந்தப் பாட்டுத் தெரியாது.

போர்க்காலத்தில் இரவில் கூடுவதே ஆபத்தாக இருந்ததால் பல ஊர்களில் களரிகள் வெறுமையாகக் கிடந்தன. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மட்டக்களப்பின் சீலாமுனைக் கிராமத்தில், பேராசிரியர் சி. ஜெயசங்கர் அவ்வூர்க் கூத்தர்களோடு சேர்ந்து கூத்து மீளுருவாக்கத்தைத் தொடங்கியதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். கூத்தை ஊரிலிருந்து பெயர்த்தெடுக்காமல், ஊரிலேயே, அதை ஆடுபவர்களே கூடிப் பேசி, பிரதியில் எது இருக்கலாம், எது மாற வேண்டும் என்று முடிவெடுத்த முயற்சி அது. அந்தப் பேச்சு மிக அவசியமானது. மரபில் பெண் பாத்திரங்களையும் ஆண்களே ஆடினார்கள். பாட்டு முழுவதும் மனப்பாடமாகத் தெரிந்த பெண்கள் களரிக்கு வெளியே நின்றார்கள். பெண்களை இழிவுபடுத்தும் வரிகளும் பழைய பிரதிகளில் உண்டு. சேர்ந்து பாடுவதால் ஊர் ஒன்றாகிறது என்று பெருமை பேசும் நாம், யாரைச் சேர்க்காமல் பாடினோம் என்பதையும் மறைக்காமல் பேச வேண்டும்.

இப்போது மாலை நேரங்களைத் தனியார் வகுப்புகள் எடுத்துக்கொண்டன. இளைஞர் பலர் வளைகுடா நாடுகளில் வேலை செய்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து ஊருக்கு உதவ விரும்பும் உறவுகள் உடுப்புக்கும் ஒலிபெருக்கிக்கும் தாராளமாகப் பணம் அனுப்புகிறார்கள், அதற்கு நன்றி. அதோடு, பழக்க மாதங்களில் அண்ணாவியாரின் சீவியத்துக்கும், களரியின் வெளிச்சத்துக்கும், இரவுத் தேநீருக்கும் ஒரு பங்கை ஒதுக்குமாறு அன்போடு கேட்கிறேன். விடுமுறையில் பிள்ளைகளோடு வருபவர்கள், அரங்கேற்ற நாளுக்காகக் காத்திராமல், ஒரு கிழமைக் கூத்துக்கு வந்து பிற்பாட்டில் நில்லுங்கள். பாட்டுத் தெரியாவிட்டால் பக்கத்தில் நிற்பவர் சொல்லித் தருவார்.